‘போட் அடிச்சிட்டு’ என்று சொல்லுமுன்

வன்னியில் ஒரு பழைய கணனி எழும்பவில்லை என்றால் அதற்குக் கிடைக்கும் தீர்ப்பு அநேகமாக ஒன்றுதான்: “போட் அடிச்சிட்டு.” கணனியின் முதன்மைப் பலகையான மதர்போட் எரிந்துவிட்டது, இனிக் காசு செலவழித்துப் பயனில்லை, புதுசு ஒன்று பாருங்கோ என்று பொருள். பரந்தன் சந்தியிலிருந்து முல்லைத்தீவு வரை ஏ35 வீதியோரம் இந்த வசனத்தை நான் கேட்காத ஊர் இல்லை. சொல்பவர் பெட்டியின் மூடியைக் கழற்றிப் பார்த்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. பெட்டி சத்தம் போடவில்லை, ஆகவே போட் போய்விட்டது. விசாரணை அத்தோடு முடிந்தது.

என் அனுபவம் அப்படிச் சொல்லவில்லை. இங்கே எழும்ப மறுக்கும் பெட்டிகளில் பெரும்பாலானவற்றின் போட் நன்றாகத்தான் இருக்கிறது. அதுவரைக்கும் கரண்ட் ஒழுங்காகப் போய்ச் சேர்வதில்லை. சேர்ந்தாலும் தூசியோ கறளோ இடையில் நின்று மறிக்கிறது.

நான் இதை முழுநேரத் தொழிலாகச் செய்பவன் இல்லை. பகலில் வேறு வேலை. பின்னேரம் ஆட்கள் கொண்டுவருவதைத் திறந்து பார்ப்பேன். எனக்கு வோல்ற் அளக்கும் மீற்றர் பிடிக்கப் பழக்கியவர் போர்க்காலத்தில் ரேடியோ திருத்திய ஓர் அண்ணை. மின்சாரம் இல்லாத காலம், ரோர்ச் பற்றரிக்கும் தடை. சனம் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றித்தான் செய்தி கேட்டது. அப்படிப்பட்ட இடத்தில் தொழில் பழகியவர் ஒரு சாமானை லேசில் கைவிடமாட்டார். “கரண்ட் எதுமட்டும் வருது எண்டு பாத்தனியோ?” என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. கணனிக்கும் அதே கேள்வி போதும். சுவரில் தொடங்கி உள்ளே போய்க்கொண்டிருந்தால் கரண்ட் எங்கேயோ ஓரிடத்தில் நின்றிருக்கும். அங்கே பார்க்க வேண்டியதுதான்.

சுவர் என்றால் உண்மையாகவே சுவர்தான். அந்தப் பிளக்கில் போன் சார்ஜரைக் குத்திப் பாருங்கள். வட்டக்கால் பிளக்கும் சதுரக்கால் பிளக்கும் கலந்து கிடக்கும் வீடுகளில் ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று அடப்டர் தொங்கும். அதில் ஒன்று கருகியிருந்தால் மணமே காட்டிக்கொடுக்கும். மல்ட்டி பிளக், அடப்டர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு நேரே கொடுங்கள். கரண்ட் போனால் பற்றரியில் கொஞ்ச நேரம் தாங்கும் யூபிஎஸ் இருந்தால் அதையும் தாண்டிவிடுங்கள். மலிவு யூபிஎஸ்ஸுக்குள் இருப்பது அநேகமாக 12 வோல்ற், 7 ஆம்பியர்-மணி ஈயப் பற்றரி. நம் வெக்கைக்கு அது இரண்டு மூன்று வருடத்தில் சோர்ந்துவிடும். பற்றரி செத்தால் சில யூபிஎஸ்கள் சுவரில் கரண்ட் இருந்தாலும் ஒன் ஆகாது. முன்பள்ளி ரீச்சர் ஒருவர் ஓட்டோ பிடித்துப் பெட்டியை ஏற்றிவந்தார். என் மேசையில் உடனே எழும்பியது. வீட்டுக்குக் கொண்டுபோனால் திரும்பவும் படுத்துவிட்டது. பேய் பிசாசு ஒன்றுமில்லை, யூபிஎஸ்தான்.

லைன் கடைசியில் இருக்கும் வீடுகளுக்கு இன்னொரு தொல்லை. பின்னேரம் தோட்டங்களுக்குத் தண்ணி இறைக்கும் மோட்டர்கள் ஓடத் தொடங்கினால் 230 வோல்ற் இருக்க வேண்டிய இடத்தில் மீற்றர் முள் நன்றாகக் கீழே இறங்கி நிற்கும். சுவர்க் கரண்டைக் கணனிக்கேற்ற வோல்ற்றுக்கு மாற்றிக் கொடுக்கும் பவர் சப்ளைகளில் பழையவை பலவற்றின் முதுகில் 200 முதல் 240 வரை என்று அச்சடித்திருக்கும். அதற்குக் கீழே போனால் சில எழும்பும், சில எழும்பி விழும். இரவு எல்லாரும் படுத்த பிறகு நன்றாக வேலை செய்யும் கணனி என்றால் லைனைச் சந்தேகியுங்கள்.

பெட்டியின் தகரத்தைத் தொட்டால் சுள்ளென்று அடிக்கிறது என்றும் நிறையப் பேர் சொல்வார்கள். அதையும் போட் தலையில் கட்டுவதுண்டு. பவர் சப்ளைக்குள் இரண்டு கரண்ட் வயர்களிலிருந்தும் தகரத்துக்கு, கரண்டைத் தேக்கிவைக்கும் கப்பாசிற்றர் என்ற சிறு பாகத்தை ஆளுக்கொன்று வைத்திருப்பார்கள், இரைச்சலை வடிகட்ட. ஏர்த் ஒழுங்காக இருந்தால் அதில் வரும் கசிவு நிலத்துக்குப் போய்விடும். ஏர்த் இல்லாத வீட்டில் தகரம் பாதி வோல்ற்றில், ஏறக்குறைய 115இல், மிதந்துகொண்டிருக்கும். கரண்டின் அளவு மிகக் குறைவென்பதால் சுள்ளென்பதோடு நிற்கிறது. சாதாரணமாகப் பிழை வீட்டு வயரிங்கில்தான். எலெக்றிசியனைக் கூப்பிட்டு ஏர்த் கம்பியைப் பார்க்கச் சொல்லுங்கள். செருப்புப் போட்டுக்கொண்டு கணனி பாவிப்பது வைத்தியம் ஆகாது.

வெளிநாட்டில் பாவித்துக் கழித்த பெட்டி என்றால், பிளக்கைக் குத்துவதற்கு முன் அதன் முதுகைப் பாருங்கள். பவர் சப்ளையில் சிறிய சிவப்பு ஸ்விட்ச் ஒன்று இருந்து, அது 115 என்று காட்டினால் 230க்குத் தள்ளிவிடுங்கள். 115இல் வைத்து நம் கரண்டைக் கொடுத்தால் ஒரு வெடிச்சத்தம், கொஞ்சம் புகை, அத்தோடு கதை முடியும். அந்த நேரத்தில்கூடப் பெரும்பாலும் போவது பவர் சப்ளைதான்.

மின்னலைப் பற்றித் தனியாக எழுதலாம். ஐப்பசி, கார்த்திகை இடிமழைக்குச் சனம் பவர் பிளக்கைக் கழற்றுகிறது. ரெலிபோன் வயரை மறந்துவிடுகிறது. இடி அந்த வயரால் வந்து, றவுட்டரைத் தின்று, லான் வயர் வழியே கணனிக்குள் நுழையும். இப்படி அடிபட்டது உண்மையாகவே போட்தான், நான் மறுக்கவில்லை. அதிலும் சிலவற்றில் லான் துளை மட்டும் செத்து மிச்சமெல்லாம் உயிரோடு இருக்கும்.

சரி, விசுவமடுப் பக்கம் வருவோம். அங்கே கொமினிக்கேசன் வைத்திருக்கும் அக்கா ஒருவரின் பெட்டி இந்தக் கதை முழுவதையும் தனக்குள்ளேயே வைத்திருந்தது. போட்டோக்கொப்பி, ரீலோட், பிள்ளைகளின் பாடசாலை வேலைகள் எல்லாம் அந்தக் கடையில் நடக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக மரண அறிவித்தலும் முப்பத்தொராம் நாள் கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகமும் அடிப்பது அங்கேதான். சுற்றுவட்டாரத்தில் யார் செத்தாலும் இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ ஒரு படமும் கையெழுத்துப் பேப்பருமாக அந்தக் கடைக்கு ஆள் வரும். பெட்டி கோர் ரூ டுவோ சிபியூ காலத்தது, டிடிஆர்2 றாம் (தற்காலிக நினைவகம்), உள்ளே விண்டோஸ் எக்ஸ்பி. ரவுணில் ஒரு கடையில் காட்டியிருக்கிறார். அங்கே வழக்கமான வசனத்தைச் சொல்லிப் புதுப் பெட்டிக்கு விலையும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

“தம்பி, இவன் காலமை எழும்பமாட்டான். பத்து மணிக்குப் பிறகெண்டால் எழும்புவான். தை மாசத்தில சரியான மோசம். இப்ப முழுசாப் படுத்திட்டான்.”

“இதைக் கடையில சொன்னனீங்களோ அக்கா?”

“சொன்னனான். கொம்பியூட்டருக்கும் பனிக்கும் என்ன சம்பந்தம் எண்டு சிரிச்சவங்கள்.”

சம்பந்தம் இருக்கிறது. நோயாளி சொன்னதிலேயே வருத்தத்தின் பெயர் இருந்தது. பவர் சப்ளைக்குள்ளும் போட்டிலும் சிறிய உருளைகளாக நிற்கும் எலெக்ட்ரோலிற்றிக் கப்பாசிற்றர்களுக்குள் ஒரு திரவம் இருக்கும். வருடக்கணக்காகச் சூட்டில் கிடந்து அது வற்றும். வற்றிய கப்பாசிற்றர் குளிரில் இன்னும் மோசமாக வேலை செய்யும், சூடேறினால் கொஞ்சம் தேறும். அக்கா இரவில் கடை பூட்டும்போது இடிக்குப் பயந்து சுவரில் ஸ்விட்சை நிறுத்திவிட்டுப் போவார். நல்ல பழக்கம்தான். காலையில் வந்து ஸ்விட்சைப் போட்டதும் பவர் சப்ளையின் ஒரு சிறு பகுதி மட்டும் ஓடத் தொடங்கும். நாம் முன்பக்கப் பொத்தானை அழுத்தும்வரைக்கும் காத்திருக்கும் பகுதி அது. மெதுவாகச் சூடேறிப் பத்து மணிக்கு ஒரு மாதிரி நிலைக்கு வரும். மார்கழி, தை விடியலில் வன்னிப் பனி எப்படி இருக்கும் என்று வயலுக்குப் போகிறவர்களைக் கேளுங்கள். அப்படியே வருடம் தாண்டித் தாண்டி, பத்து மணியானாலும் எழும்பாத நாள் வந்துவிட்டது.

இதை மீற்றரில் பார்ப்பது சுலபம். போட்டுக்குள் போகும் அந்த அகலமான 24 முனைப் பிளக்கில் (இன்னும் பழசென்றால் 20) ஊதா வயர் ஒன்று உண்டு. சுவரில் கரண்ட் இருக்கும்வரை, கணனி ஓவ் ஆகியிருந்தாலும், ஊதாவுக்கும் கறுப்புக்கும் இடையில் 5 வோல்ற் நிற்க வேண்டும். 4.75இலிருந்து 5.25 வரை ஏற்றுக்கொள்ளலாம். அக்காவின் பெட்டியில் நாலே கால் காட்டியது, அதுவும் ஆடிக்கொண்டே. பொத்தானை அழுத்தும்போது போட் அந்த 5 வோல்ற்றின் தயவில்தான் பச்சை வயரின் வோல்ற்றைக் கீழே இறக்கிப் பவர் சப்ளையை எழுப்பும். எழுப்புகிறவனுக்கே பலமில்லை என்றால் பொத்தானை எத்தனைதரம் அழுத்தி என்ன?

பச்சை வயரை நாமே கறுப்போடு தொடுத்துப் பார்ப்பது அடுத்த சோதனை. கரண்டை நிறுத்தி, பிளக்கைப் போட்டிலிருந்து கழற்றி, பேப்பர் கிளிப் ஒன்றை நிமிர்த்தி, பச்சைத் துளைக்கும் பக்கத்துக் கறுப்புத் துளைக்கும் குத்திவிட்டு, பிறகு கரண்டைப் போட வேண்டும். விசிறி சுற்றினால் பவர் சப்ளைக்கு உயிர் இருக்கிறது. மஞ்சளில் 12, சிவப்பில் 5, செம்மஞ்சளில் 3.3 வருகிறதா என்று பார்க்கலாம்; ஐந்து வீதம் கூடலாம் குறையலாம். அக்காவின் விசிறி ஒரு துடிப்புத் துடித்து நின்றது. விசிறி சுற்றுவதை வைத்து எல்லாம் சரி என்றும் முடிவெடுக்கக் கூடாது, சுமை ஏறும்போது விழுகிற பவர் சப்ளைகளும் இருக்கின்றன. பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் பெரிய கப்பாசிற்றர் 325 வோல்ற் அளவில் கரண்டைப் பிடித்து வைத்திருக்கும். பிளக்கைக் கழற்றிய பிறகும் கொஞ்ச நேரம் விடாது.

கழித்த பெட்டி ஒன்றிலிருந்து நல்ல பவர் சப்ளையாக எடுத்துப் போட்டோம். புதுசாக வாங்குகிறவர்கள் அதில் அச்சடித்திருக்கும் வாட்ஸை நம்ப வேண்டாம். கையில் தூக்கிப் பாருங்கள். 500 வாட் என்று எழுதி, காற்றடைத்த மாதிரி இலேசாக இருந்தால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

விசிறி சுற்றியது. மொனிட்டர் கறுப்பாகவே இருந்தது. ரவுண் கடைக்காரர் பக்கத்தில் நின்றிருந்தால் “பாத்தீங்களே, போட்தான்” என்று சொல்லியிருப்பார்.

மூடியைக் கழற்றினால் உள்ளே வயல். கடையின் பின்னறையில் காலபோக நெல் மூடை அடுக்குவது வழக்கமாம். சூடடித்த சுணை முழுவதும் சிபியூ விசிறிக்குக் கீழே மெத்தைபோலப் படிந்திருந்தது. பின்பக்க யூஎஸ்பி துளை ஒன்றைக் குளவி மண்ணால் பூசி அடைத்திருந்தது. றாம் குத்தும் இடத்துக்குக் கீழே இரண்டு பல்லி முட்டை ஓடு. வன்னியில் இதெல்லாம் சாதாரணம். பல்லி பவர் சப்ளைக்குள் போய்க் கருகிப் பெட்டியையும் கூட்டிக்கொண்டு போனதைப் பார்த்திருக்கிறேன். நெல் இருக்கும் இடத்தில் எலி இருக்கும், எலி இருக்கும் இடத்தில் வயர் இருக்காது. காய்ந்த பெயின்ற் பிரஷ்ஷால் தட்டி, விசிறியை விரலால் பிடித்துக்கொண்டு ஊதி, கால் மணித்தியாலம் தும்மினோம்.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த சோதனை, காசில்லாதது. கரண்டை நிறுத்திவிட்டு றாம் முழுவதையும் கழற்றிவிட்டு, பிறகு எழுப்பிப் பாருங்கள். போட்டில் சின்ன ஸ்பீக்கர் இருந்தால், றாம் இல்லை என்று பீப், பீப் என அழும். அழுதால் போட்டுக்கும் சிபியூவுக்கும் உயிர் இருக்கிறது. தனக்கு என்ன இல்லை என்று கண்டுபிடித்து முறையிடும் அளவுக்கு அவை வேலை செய்கின்றன. “போட் அடிச்சிட்டு” என்ற தீர்ப்பை உடைக்க இதைவிட நல்ல சாட்சி கிடையாது. ஸ்பீக்கர் இல்லாத பெட்டிக்குக் கழித்த பெட்டியிலிருந்து எடுத்துக் குத்தலாம். அழவே இல்லையென்றால்தான் கவலைப்படத் தொடங்க வேண்டும்.

அக்காவின் பெட்டி நன்றாக அழுதது. அவரே சிரித்துவிட்டார், “உயிரோடதான் கிடந்திருக்கிறான்.” றாமின் பொன்னிறப் பற்களைப் பள்ளிப்பிள்ளைகளின் அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளைத் துடைத்து, ஒன்றை மட்டும் குத்தினோம். அழிறப்பர் முலாமை உரசிவிடும் என்று சிலர் சண்டை பிடிப்பார்கள். அடிக்கடி செய்தால் உரசும்தான், எப்போதாவது ஒருமுறை செய்வதில் எனக்கு வழக்கில்லை. ஒரே ஒரு பீப், திரையில் எழுத்து.

இந்த இடத்தில் சில பெட்டிகளில் வேறு சத்தம் வரும். போட்டில் முதலில் ஓடும் மென்பொருளான பயோஸ் அவார்ட் வகையாக உள்ளவற்றில் ஒரு நீளம், இரண்டு குறுக்கம் என்றால் திரைக்கான கார்ட்டைக் கழற்றிக் குத்திப் பாருங்கள். எழுத்து வந்த பிறகு டிஸ்க்கைக் காணோம் என்று சொன்னால் டிஸ்க் வயரைப் பாருங்கள். அதெல்லாம் சின்ன விசயம்.

திரையில் வந்தது திகதி தவறு, எஃப்1 அழுத்து என்ற வழக்கமான புலம்பல். போட்டில் நாணயம்போல இருக்கும் சிஆர்2032 பற்றரி செத்திருந்தது. 3 வோல்ற் இருக்க வேண்டியது, இரண்டைக்கூடத் தொடவில்லை. மணிக்கூடு திருத்தும் கடைகளில் கிடைக்கும். இந்தப் பற்றரி செத்தால் பெரும்பாலான பெட்டிகள் திகதியை மறப்பதோடு விடும், எழும்பாமலே கிடப்பவை அபூர்வம். விண்டோஸ் 7 போட்ட வேறொரு பெட்டியில் இதே பற்றரி இன்னொரு வேலை காட்டியது. திகதி பல வருடம் பின்னுக்குப் போனதால் எந்த இணையத்தளமும் பாதுகாப்புச் சான்றிதழ் சரியில்லை என்று திறக்க மறுத்தது. வீட்டுக்காரர் றவுட்டரைக் குறை சொல்லி அதற்கும் ஆள் கூப்பிட்டிருந்தார். திகதியைத் திருத்தினதும் எல்லாம் திறந்தது.

எல்லாப் போட்டும் தப்பும் என்று நான் சொல்லவில்லை. ஏறக்குறைய 1999இலிருந்து 2007 வரை செய்யப்பட்ட போட்கள் பலவற்றில் திரவச் சேர்மானம் பிழையான கப்பாசிற்றர்கள் ஏறியிருந்தன. உலகம் முழுக்க அவை வீங்கி வெடித்தன. சிபியூவைச் சுற்றி நிற்கும் உருளைகளின் தலை தட்டையாக இருக்க வேண்டும். புடைத்திருந்தாலோ மண்ணிறக் கசிவு தெரிந்தாலோ அவைதான். அதே மைக்ரோபரட், அதே வோல்ற் அல்லது கூடியது, 105 பாகை தாங்குவது, குறைந்த உள்தடையுள்ளது என்று பார்த்து மாற்றினால் பிழைக்கும். நல்ல ஈயம் பற்ற வைக்கும் கை வேண்டும். கை நடுங்குகிறவர்கள் போட்டைவிட்டு டிஸ்க்கைக் கழற்றுங்கள். யூஎஸ்பி அடப்டர் ஒன்றில் குத்தினால் உள்ளே இருப்பது முழுவதையும் வேறு கணனிக்கு எடுக்கலாம். 2009இல் கையில் பிடித்ததோடு ஓடிவந்த சனத்துக்கு, மீள்குடியேறிய பிறகு உறவினரிடம் வாங்கி ஸ்கான் பண்ணிய கலியாணப் படம், தாய் தகப்பன் படம் எல்லாம் இப்படியான ஒரு டிஸ்க்கில் மட்டும்தான் இருக்கும். அப்படிப்பட்டவர்களிடம் முதலில் டிஸ்க், பிறகுதான் பெட்டி என்பேன்.

அக்காவுக்கு டிஸ்க் மட்டும் போதாது. புதுப் பெட்டி வேண்டாம் என்று அவர் பிடிவாதம் பிடித்ததற்குக் காரணம் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருள். கல்வெட்டு எல்லாம் அதில்தான் பக்கம் கட்டியிருக்கிறார். அந்தக் கோப்புகளை இன்டிசைன் சிஎஸ்6 வரைதான் திறக்கும், அதற்குப் பின் வந்த பதிப்புகள் திறப்பதில்லை. எழுத்துரு பாமினி. பிரின்றர் 25 முனை அகல வயர்க்காரன், அந்தத் துளை இப்போதைய போட்களில் அநேகமாக இல்லை. ஆக, பழைய பெட்டி ஓடவேண்டும். எக்ஸ்பிக்கு மைக்ரோசொவ்ற் 2014 ஏப்பிரலில் கைகழுவிவிட்டதால் இணையத்தில் மட்டும் கொடுக்க வேண்டாம் என்று சொல்லி லான் வயரைக் கழற்றிவிட்டேன்.

காப்புக்கு எல்லாவற்றையும் மகளின் லப்ரொப்புக்கும் மாற்றிக் கொடுத்தேன். அடுத்த நாள் போன்: “தம்பி, எல்லாத்தையும் வைரஸ் தின்னிட்டுது, இங்கிலிசு கிறுக்கலாக் கிடக்குது.” பாமினி தமிழை ஆங்கில எழுத்துகளின் இடத்தில்தான் வைக்கும். எழுத்துரு இல்லாத கணனியில் அந்த ஆங்கிலம் அப்படியே தெரியும். எழுத்துருவை ஏற்றியதும் எல்லாரும் தமிழுக்குத் திரும்பினார்கள். மகள் யூனிகோட்டுக்கு மாற்றிவிடலாம் என்று ஒரு மாற்றியில் போட்டுப் பார்த்தாள். தமிழ் நன்றாக வந்தது, போன் இலக்கங்களும் தப்பின. இடையிடையே ஆங்கிலத்தில் இருந்த மின்னஞ்சல் முகவரிகளையும் அந்த மாற்றி தமிழாக்கிவிட்டிருந்தது. கனடாவில் இருக்கும் மருமகனின் முகவரி வாயில் நுழையாத ஒரு சொல்லாகக் கிடந்தது. அவற்றை மட்டும் பழைய பெட்டியைப் பார்த்துக் கையால் அடிக்கச் சொல்லியிருக்கிறேன்.